பஸ் ஸ்டாண்டில் செய்தி வாசித்தவள்

ஆரணியில் எங்கள் வீட்டில் ரகசியம் பேச முடியாது. கூடத்தில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, ஒன்றில் அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறிகள் மூன்று. ஐந்தும் ஓட ஆரம்பித்துவிட்டால், "குழம்புக்கு உப்புப் போட்டாச்சா" என்று அம்மா கேட்பது தெருமுனை டீக்கடை வரைக்கும் போகும். சில நாள் டீக்கடையிலிருந்தே பதிலும் வரும்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு நாட்டு நடப்பில் அவ்வளவு ஆசை. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியும். ஆனால் பட்டுத் தறியில் உட்கார்ந்தவருக்குக் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். பேப்பரை எங்கே வைத்துப் படிப்பது? டீக்கடையில் ஊரே படித்து முடித்த பேப்பர், மத்தியானத்துக்கு மேல் வடைக்கறையோடு எங்கள் வீட்டுக்கு வரும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு தறிக்கும் நடுவில் நின்று அதைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. மூன்றாம் வகுப்பில் ஆரம்பித்து, காலேஜ் முடிக்கிறவரை அந்த வேலையில் எனக்கு லீவே கிடையாது.

தறிக்கு ஒரு தாளம் உண்டு. கயிற்றை இழுத்தால், குறுக்கு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். உடனே "டொக்" என்று ஒரு அடி விழும். அடி விழுகிற நேரத்தில் பிரதமரே பேசினாலும் காதில் விழாது. அதனால், "பிரதமர் இன்று" என்பேன், டொக், "தில்லியில்" என்பேன், டொக், "பேசியதாவது" என்பேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் இப்படிச் செய்கிறேன் என்பதும் எனக்குத் தெரியாது. நம் மூச்சை நாமே கவனிக்கிறோமா என்ன?

என் வாசிப்புக்குத் தெருவில் நல்ல பேர். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள் தறியில் இருந்தபடியே கேட்பார்கள். நடுவில் ஒரு வரியை விழுங்கிவிட்டால், "யம்மா, அந்த மழ சேதிய இன்னொரு தபா படி" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். இப்படி வளர்ந்த பெண்ணுக்கு என்ன ஆசை வரும்? ரேடியோவில் செய்தி வாசிக்க வேண்டும். எனக்கு டாக்டர் ஆசையும் இல்லை, டீச்சர் ஆசையும் இல்லை. "செய்திகள், வாசிப்பது" என்று சொல்லிவிட்டு என் பேரை நானே சொல்ல வேண்டும். கிணற்றடியில் வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மட்டும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அம்மா துணி துவைக்க வாளி கேட்டால் கோபம் வரும்.

காலேஜ் முடித்த வருஷம், தொண்ணூறுகளின் நடுவில், சென்னையில் ஒரு வானொலி நிலையத்தில் பகுதி நேரச் செய்தி வாசிப்பாளர்கள் தேவை என்று கேட்டிருந்தார்கள். எழுதிப் போட்டேன். குரல் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அவ்வளவுதான், நைனா என்னை வேலையிலேயே சேர்த்துவிட்டார். தெரு முழுக்க, "எம் பொண்ணு ரேடியோல சேதி படிக்கப் போவுது" என்று சொல்லி முடித்துவிட்டு, வேலூருக்குப் போய்ப் பெரிய ரேடியோ ஒன்று வாங்கிவந்தார். அதைத் தறிக்கு எதிரே பலகை அடித்து வைத்தார். நான் பேசும்போது தலையைத் திருப்பாமல் கேட்க வேண்டுமாம்.

தேர்வுக்கு நைனாவும் வந்தார். சலவை வேட்டி, தோளில் துண்டு. நிலையத்தின் வாசலில் வேப்பமரத்தடியில் அவர் நிற்க, என்னை உள்ளே ஓர் அறைக்கு அழைத்துப் போனார்கள். சுவரெல்லாம் மெத்தை மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. கனமான கதவைச் சாத்தினார்கள்.  அப்படி ஒரு நிசப்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தறி நின்றாலே, யாருக்கு என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்ப்பார்கள். இங்கே என் வயிற்றில் காலையில் தின்ற இட்லி புரளுவதே எனக்குக் கேட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. படித்தேன். நன்றாகத்தான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த, மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் முதல் வரியிலேயே காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டார். கழற்றிய பிறகும் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அவரே எழுந்து உள்ளே வந்தார். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல,

"யாருக்கும்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் சார்."

"எல்லாரும் எங்க இருக்காங்க? ஆற்காட்டுலயா? இப்படிச் சொன்னா ரேடியோவே வேணாமே, நேராவே கேட்டுடுமே!"

நானும் சிரித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத சிரிப்பு. "அது போகட்டும், நடுநடுவுல ஏன் நிறுத்தறீங்க? மூச்சு வாங்குதா?" என்றார். நிறுத்தினேனா? எனக்கே புதுச் செய்தி. இன்னொரு முறை படிக்கச் சொன்னார். குரலை எவ்வளவோ அடக்கிப் படித்தேன். சத்தம் குறைந்தது. ஆனால் இல்லாத தறி ஒன்று அந்த அறையில் ஓடிக்கொண்டே இருந்தது. "பிரதமர் இன்று", ஒரு நிறுத்தம். "தில்லியில்", ஒரு நிறுத்தம். நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று நினைக்க நினைக்க, நிறுத்தம் நீண்டதே தவிர குறையவில்லை. பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பழக்கம்மா, சட்டுனு போகாது" என்று மெதுவாகச் சொன்னார். அத்தோடு முடிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் நைனா ஆற்காடு தாண்டும் வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இன்னா சொன்னாங்க?"

"குரலு ரொம்ப சத்தமா கீதாம்."

"சத்தமா இருந்தா நல்லதுதானே?"

"அவங்களுக்கு வாணாமாம்."

"இது இன்னாடா பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சத்தம் போதாது என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். சத்தம் அதிகம் என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், பேப்பர் படிப்பதை நிறுத்தியது. யாருக்குச் சொல்கிறேன் என்றே தெரியாதவள் எதற்குப் படிக்க வேண்டும்? நைனா கேட்கவும் இல்லை. டீக்கடைப் பேப்பர் வழக்கம்போல வரும், மடித்தபடியே கிடக்கும், மறுநாள் சாதம் வடிக்கிற பானைக்குக் கீழே போகும். அந்தப் பெரிய ரேடியோவையும் அவர் போடவில்லை. அதன் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டார். அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நான் வராத ரேடியோவைக் கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை, என் முகத்தில் அடித்த மாதிரி அதை மூடி வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன். தெருவிலோ, "எப்பம்மா உன் சேதி வரும்?" என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தார்கள். பதிலுக்கு நான் முறைத்த முறைப்பில் இரண்டு பேர் எங்களோடு பேச்சையே விட்டார்கள்.

அம்மாவுக்கு இந்தத் துக்கமெல்லாம் செல்லுபடியாகாது. "மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்தா ரேடியோக்காரன் வந்து கூப்புடுவானா? எழுந்து போயி பாவுக்கு ஒரு கை குடு" என்று விரட்டினார்.

பாவு என்றால் சேலையின் நீள இழைகள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், காலை வெயில் ஏறுவதற்குள் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து சரிசெய்வோம். யார் வீட்டுப் பாவானாலும் தெருவே வந்து கை கொடுக்கும். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் வண்டி வராது. சைக்கிள்காரர்கூட இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதவர் ஒருவர் அன்றைக்கு வந்தார். விளம்பர ஆட்டோ. கூரையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டி, ஆடித் தள்ளுபடிக்கு ஊரை அழைத்தபடி தெருமுனையில் திரும்பி வேகமாக வந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் கையைக் கையை ஆட்டினார்கள். ஓட்டிய ஆசாமி தள்ளுபடிக்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்தாரோ என்னவோ, பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். நைனாவும் அம்மாவும் இரண்டு வாரமாகத் தயார் செய்த பாவு. எனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"நிறுத்து... பாவு... நிறுத்து!"

ஆட்டோ அப்படியே நின்றது. பாவு தப்பியது. இழையைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா காதைப் பொத்திக்கொண்டார். ஆட்டோக்காரர் இறங்கி வந்து, முதலில் பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாமா இது! எம் மைக்கு அலறிகினு இருக்குது. அதையும் தாண்டிகினு வருதே உங் கொரலு!"

எங்கள் ஊர்க்காரர் இல்லை அவர். பஸ் ஸ்டாண்டில் ஒலிபரப்பு செய்யும் உரிமையை அந்த மாதம்தான் எடுத்திருந்தார். பஸ் வருவதையும் போவதையும் அறிவிக்க வேண்டும், நடுவில் கடை விளம்பரங்களைச் சொல்ல வேண்டும். அவர் வைத்த ஆட்களின் குரல், மைக் இருந்தும் பஸ் ஹாரனில் காணாமல் போய்க்கொண்டிருந்ததாம். "வேலைக்கு வர்றியாம்மா? உங் கொரலு இருந்தா மைக்குகூட வாணாம், கரண்டு மிச்சம்" என்றார். சென்னைப் பெரியவர் சொன்ன அதே வார்த்தை. அங்கே அது குறை, இங்கே அது தகுதி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்கு வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

நைனா சிரிக்கவில்லை.

"பி.ஏ. படிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல கூவப் போறியா? கொய்யாப்பழம் விக்கறவங்க கூவறாங்க, கண்டக்டரு கூவறாரு. நீயுமா?"

போகாதே என்று சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வேலூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ போக வேண்டுமென்றால், அரை மைல் நடந்து ரைஸ் மில் நிறுத்தத்தில் நின்று ஏறுவார். அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே போனாலும் போவார், மகள் கூவுவதைக் காது கொடுத்துக் கேட்கமாட்டார். வேலைக்குப் போன அத்தனை வருஷமும் எனக்கு உறுத்தியது அது ஒன்றுதான்.

என் ஒலிபரப்பு நிலையம் கட்டணக் கழிப்பறைக்கு மேல் மாடியில் இருந்தது. கம்பி வைத்த ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு மைக், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்து ஒரு வாசனை. ஜன்னல் வழியாக முழு பஸ் ஸ்டாண்டும் தெரியும். நான் முதல் நாளே ஒரு முடிவோடு போனேன். சென்னைக்காரர் குறை சொன்னாரே, அவர் கேட்டால் வாயைப் பிளக்கிற மாதிரி வாசித்துக் காட்டுகிறேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. பெரணமல்லூர் மார்க்கமாகச் செல்லும் பேருந்து, இன்னும் சற்று நேரத்தில்..."

மெத்தென்ற குரல். நிறுத்தமே இல்லை, அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். கீழே ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. கரும்புச்சாறு மெஷினின் மணிச்சத்தத்துக்கு இருந்த மரியாதைகூட எனக்கு இல்லை. ஒரு வாரம் இப்படியே போனது. ஆட்டோ அண்ணன், "ஏம்மா, அன்னிக்கு தெருவுல கத்துன பொண்ணு நீதானே? உனக்கு தங்கச்சி எதுனா கீதா?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஒரு அம்மாள் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். இடுப்பில் கூடை, கூடையில் இரண்டு கோழி.

"யம்மா, நீ இன்னா சொல்லிகினு கீற? ஒண்ணும் வெளங்கல. பெரணமல்லூரு வண்டி வந்துச்சா, இல்லியா?"

"இப்பதானே சொன்னேன்!"

"யாருக்குச் சொன்ன?"

எனக்கு வந்ததே கோபம். சென்னையில் கேட்ட அதே கேள்வி, கோழிக்கூடையோடு மாடியேறி வந்து நிற்கிறது. ஜன்னலில் பார்த்தால், பெரணமல்லூர் வண்டி கிளம்ப உறுமிக்கொண்டிருக்கிறது. மைக் அணையாமல் இருப்பதை மறந்துவிட்டு, தறிக்கூடத்துக் குரலில் கத்தினேன்.

"அதோ கொய்யாப்பழக்காரம்மா பக்கத்துல... நிக்குது பாரு பச்ச வண்டி... அதாம்மா பெரணமல்லூரு... ஜல்தி ஓடு!"

பஸ் ஸ்டாண்டு மொத்தமும் ஒரு நொடி நின்றது. பிறகு சிரிப்பு. ஆனால் சிரித்துக்கொண்டே, அந்தக் கொய்யாப்பழக்காரம்மாவின் பக்கம் ஒரு கூட்டம் ஓடியது. டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸை வைத்துவிட்டு ஓடினார். புது மாப்பிள்ளை பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கோழிக்கூடை அம்மாள் எல்லோருக்கும் கடைசியாகப் போய், எல்லோருக்கும் முன்னால் ஏறினார். அன்று அந்த வண்டியைத் தவறவிட்டவர் யாரும் இல்லை.  

பயணிகளின் கனிவான கவனத்தை அன்றோடு விட்டுவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன், யாராவது ஒருவரைப் பிடித்துக்கொள்வேன், அவரிடம் சொல்வேன். "மஞ்சப்பை வெச்சிருக்கிற பெரியவரே, நீங்க கண்ணமங்கலம்தானே, உங்க வண்டி இன்னும் வரல, உக்காருங்க." அவர் உட்காருவார். கண்ணமங்கலம் போக வேண்டிய மற்றவர்களும் உட்காருவார்கள். "சந்தவாசல் போற அக்கா, கொழந்த செருப்பு ஒண்ணு கீழ கெடக்குது பாருங்க." பெரியவர் ஒருவர் தினமும் பொழுதுபோகாமல் வந்து உட்கார்ந்து, என்னைக்காவது தன்னைக் கூப்பிடுவேனா என்று ஜன்னலையே பார்ப்பார். வாரம் ஒரு முறை அவருக்கும் ஏதாவது சொல்லிவைப்பேன். மழைத் தகவல், மின்தடை, கோயில் கூழ் ஊற்றும் நாள் எல்லாம் நடுவில் சேர்ந்துகொண்டன. ஆட்டோ அண்ணன் கேட்டால், "செய்திகள்ணா" என்பேன். விளம்பரம் குறையாதவரை அவருக்குச் சம்மதம்.

ஒன்று மட்டும் விடவில்லை. எங்கள் ஊருக்குப் பட்டு எடுக்க எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். கண்ணாடி போட்ட பெரியவர் யாராவது கல்யாணச் சேலைக் கட்டோடு பஸ்ஸுக்கு நின்றால், சென்னைக்காரராக இருக்குமோ என்று பார்ப்பேன். ஒருமுறை ஏறக்குறைய அவரைப் போலவே ஒருவர். "கண்ணாடி போட்ட சார், சென்னை வண்டி எடுத்துட்டான், ஓடுங்க" என்றேன். சேலைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என்னமாய் ஓடினார்! அவர் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்கு ராத்திரிச் சாப்பாடு கூடவே இறங்கியது.

கல்யாணமும் அந்த மைக் வழியாகத்தான் வந்தது. கண்ணமங்கலத்திலிருந்து ஆரணிக்கு வேலைக்கு வந்துபோன ஒருவர், என் குரலைக் கேட்டுவிட்டுப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். "வூட்டுலயும் இப்படித்தான் பேசுவியா?" என்று பெண் பார்த்த அன்று கேட்டார். "இத விட சத்தமா" என்றேன். தைரியசாலி, கட்டிக்கொண்டார். நைனா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் வைத்தோம்.

புது நூற்றாண்டு பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் பவர்லூம் போட்டார்கள், தெருவின் சத்தம் இரண்டு மடங்கானது. நைனாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. கூப்பிட்டால் திரும்பமாட்டார், கேட்டதற்கு வேறு பதில் சொல்வார். வேலூரில் காதைக் காட்டு என்று அம்மா நச்சரித்து, ஒருநாள் கிளப்பிவிட்டார். துணைக்கு ஆள் வேண்டாம் என்று வீம்பாகத் தனியாகவே புறப்பட்டார். வழக்கம்போல ரைஸ் மில்லுக்குப் போயிருக்கிறார். அங்கே சாக்கடைக்குப் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள், எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. வேறு வழி?

ஜன்னலில் பார்த்தேன். சலவை வேட்டி, தோளில் துண்டு, கையில் பை. நைனா பஸ் ஸ்டாண்டின் நடுவில் நின்றுகொண்டு, போர்டுகளைக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையோ கேட்டார், அவர் சொன்னது இவருக்குக் கேட்கவில்லை என்பது இங்கிருந்தே தெரிந்தது. வேலூர் வண்டி அவர் முதுகுக்குப் பின்னால் புறப்படத் தயாராக இருந்தது. இறங்கி ஓடினாலும் எட்ட முடியாது. மைக்கை எடுத்தேன். எடுத்துவிட்டு யோசித்தேன். இத்தனை வருஷம் இதைக் கேட்கக் கூடாதென்று நடந்து போன மனிதர். இப்போது சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விடுவாரோ? ஆனால் வண்டி போய்விட்டால் வீட்டுக்குத்தான் போவார், வேலூருக்கு இனி ஜென்மத்துக்கும் கிளம்பமாட்டார்.

"நைனா..." என்றேன். நிறுத்தினேன். "வேலூரு வண்டி..." நிறுத்தினேன். "உன் முதுகுக்குப் பின்னால... நிக்குது... ஏறு."

எங்கள் பக்கத்தில் நைனாக்களுக்கா பஞ்சம்? பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பித் தங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டார்கள். என் நைனா மட்டும் முதுகைப் பார்க்கவில்லை. நேராகத் தலையைத் தூக்கி, கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார். அதை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் நிதானமாக ஏறினார். ஜன்னலோரம் உட்கார இடமும் கிடைத்தது. வண்டி வெளியே திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து வந்த செய்யாறு வண்டியை அன்று அறிவிக்க மறந்துவிட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். நைனா அதற்குள் தறியில் உட்கார்ந்துவிட்டார். காதுக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"அந்த டாக்டரு பேசுனது பாதி கேட்டுச்சி. நர்சு பேசுனது சுத்தமா கேக்கல. பஸ் ஸ்டாண்டுல நீ சொன்னது மட்டும் முழுசா கேட்டுச்சி."

"நாந்தான் மைக்குல சொன்னேனே, கேக்காம இன்னா?"

"அதுக்கில்ல. உனக்கு முன்னால வாசல்ல போன ஒரு தள்ளுபடி ஆட்டோக்காரனும் மைக்குலதானே கத்துனான்? ஒண்ணும் வெளங்கல."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கூவற வேலன்னு சொல்லி இத்தன வருசமா அந்தப் பக்கமே வராம இருந்தியே" என்றேன்.

"ஆமா, கஷ்டமாத்தான் இருந்துச்சி. காலேஜு படிச்ச பொண்ணு கூவுதேன்னு." நாடாவை ஓட்டி ஓர் அடி அடித்தார். "நேர்ல கேட்டப்பறந்தான் தெரிஞ்சிது. நீ கூவல. சேதி சொல்லிகினு இருக்க."

துணி போர்த்திய ரேடியோ எதிரே பலகையில் அப்படியே இருந்தது. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் கேட்க முடியாது என்று தோன்றியது.

"அந்த ரேடியோவ ஏன் நைனா ஒரு நாள்கூட போடல? எம் மேல கோவமா?"

அவருக்குப் புரியவே இல்லை. "கோவமா? எதுக்கு? போட்டனே! நீ வூட்டுல இல்லாதப்ப எத்தன தபா போட்டிருப்பேன். ஒரு சேதியும் முழுசா காதுல வுழாது. அவங்க தறிக்கு எடமே வுட மாட்டறாங்க. மடமடன்னு சொல்லிகினே போறாங்க. இங்க அடி வுழுது, அங்க பாதி சேதி பூடுது. அப்பறம் அத போட்டு இன்னா பிரயோஜனம்? தூசு படாம மூடி வெச்சேன்."

"அப்ப என்ன பேப்பரு படிக்கச் சொல்லி கேட்டிருக்கலாமே?"

"நீதான் மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்தியே. யாரு கேப்பாங்க?" என்று அம்மா தன் தறியிலிருந்தே கத்தினார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அந்தத் துணியை எத்தனை வருஷம் முறைத்திருப்பேன்! அதன் அடியில் எனக்கு எதிராக ஒன்றுமே இல்லை. ரேடியோதான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. தறிக்கூடத்தில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் கேட்காது. நைனா தறியை நிறுத்தவில்லை. முகத்தால் ஜன்னல் பக்கம் காட்டினார். அங்கே அன்றைய டீக்கடைப் பேப்பர், வடைக்கறையோடு மடித்துக் கிடந்தது.

"எடுத்துகினு வா" என்றார். "அந்த ஏரிய தூர்வார்ற சேதி இன்னாவோ போட்டிருக்குதாம். அத மொதல்ல படி."

எடுத்தேன். இரண்டு தறிக்கும் நடுவில் போய் நின்றேன். பக்கத்து வீட்டில் பவர்லூம் இரைந்தது. யாருக்கும்மா சொல்றீங்க என்று கேட்டாரே அந்தப் பெரியவர், அவர் அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தால் யாருக்கென்று காட்டியிருப்பேன்.

"ஆரணி அருகே" என்றேன்.

நிறுத்தினேன். அடி விழுந்தது. மிச்சத்தைச் சொன்னேன்.